பெடல் தரையைத் தொட்டது; பேட் மீது மட்டும் பழி போடலாமா?

சேலத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை, வயது 41. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சாரம் இது.

ஐந்து வருடம் ஆன பெட்ரோல் ஹேட்ச்பேக், கிளட்ச் பெடல் இல்லாத, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டி. 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். போகும்போது கணவர் ஓட்டினார், திரும்பும்போது இவர். டிக்கியில் இரண்டு பலாப்பழம், ஒரு சாக்கு அன்னாசி. மலைப்பாதையில் பாதிக்கு மேல் இறங்கிய பிறகு கருகல் வாடை வந்தது. முன்னால் போன லாரியின் வாடை என்று நினைத்துவிட்டார்கள். இன்னும் நான்கைந்து கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பிரேக் பெடல் பஞ்சுபோல உள்ளே போனது. அடுத்த மிதிக்கு ஏறக்குறைய தரையைத் தொட்டுவிட்டது. இவர் பதறாமல் மறுபடி மறுபடி மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் மெல்ல இழுத்து, மலைச்சுவர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருக்கிறது! மலையடிவாரத்துக் காரவள்ளி வரை ஊர்ந்து வந்து, மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு “பிரேக் நல்லாத்தான் இருக்கு மேடம், பேட் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு, மாத்திடலாம்” என்றிருக்கிறார். கணவரோ, “நீ பதட்டத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்திருப்பாய்” என்கிறார். அடுத்த முறை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் என்ஜினுக்குச் சிரமம் இருக்காது, பெட்ரோலும் மிச்சம் என்று யோசனை வேறு. உதிரிபாகக் கடையில் ‘ரேஸிங் பேட், துளை போட்ட டிஸ்க் போட்டால் எந்த மலையும் இறங்கலாம்’ என்கிறார்கள். நான்கு மாதம் முன்பு சர்வீஸ் செய்த இடத்தில் கொடுத்த பில்லில் ‘பிரேக் செக் ஓகே, பிரேக் ஆயில் டாப்-அப்’ என்று இருக்கிறது. அவர்கள் மேல் புகார் கொடுக்கலாமா? எந்த பேட் வாங்குவது? மே மாதம் ஏற்காடு போக வேண்டும், இனி மலையில் ஓட்டலாமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கால் தப்பு செய்யவில்லை. ஆக்ஸிலரேட்டரைத் தவறி மிதித்தவர்கள் என் பட்டறைக்கும் வந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கும். வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது, என்ஜின் கத்தியது என்பார்கள். நீங்கள் எழுதியிருப்பது அப்படி இல்லை. வாடை வந்தது, பிறகு பெடல் பஞ்சானது, பிறகு தரையைத் தொட்டது, ஆறியதும் திரும்பி வந்தது. இந்த வரிசையைக் கற்பனையாக யாரும் சொல்ல முடியாது. சூட்டில் பிரேக் சோர்ந்துபோவதன் அடையாளம் இது. அதிலும் எந்த வகைச் சோர்வு என்பதை உங்கள் பெடலே சொல்லிவிட்டது. அதைத்தான் மெக்கானிக்கும் கடைக்காரரும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

பெடல் கெட்டியா, பஞ்சா?

மலை இறக்கத்தில் பிரேக் கைவிடுவது இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, பேட் சூடேறிச் சோர்வது. பேட் என்பது நார், உலோகத்தூள், உராய்வுப் பொடிகள் எல்லாவற்றையும் பிசின் போட்டு அழுத்திச் சுட்ட ஒரு கட்டி. சாதாரண பேட் சுமார் 300 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பிசின் கருகி வாயுவாக வெளியேறத் தொடங்கும். பேட்டுக்கும், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்குக்கும் நடுவில் வழுக்கல் வந்துவிடும். அப்போது பெடல் கெட்டியாகத்தான் இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் நிற்காது. கல்லை மிதிப்பது போல இருக்கும் என்பார்கள்.

இரண்டாவது, பிரேக் ஆயில் கொதிப்பது. உங்களுக்கு நடந்தது இது. நீங்கள் பெடலை மிதிக்கும் விசையைச் சக்கரம் வரை கொண்டுபோவது குழாய்க்குள் இருக்கும் ஆயில்தான். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. அதனால்தான் உங்கள் கால் அழுத்தம் அப்படியே, பேட்டை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்குப் போகிறது. ஆனால் காலிப்பர் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் வந்துவிட்டால், நீங்கள் மிதிக்கிற மிதி எல்லாம் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சாகும், தரை தட்டும். அரை மணி, முக்கால் மணி ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் திரும்ப வந்துவிடும். மறுநாள் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. காய்ச்சல் விட்ட பிறகு டாக்டரிடம் போன கதைதான். மெக்கானிக் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்த நேரத்தில் பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

நீங்கள் நினைத்த லாரி வாடை உங்கள் பேட்டின் வாடையாகவே இருந்திருக்கும். அதாவது பேட்டும் சூடேறியிருக்கிறது. ஆனால் பெடலைக் கீழே இறக்கியது ஆயில்.

ஆயில் ஏன் கொதித்தது? நம் கார்களில் பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 வகை ஆயில்தான் இருக்கும். புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரையும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையும் கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. இந்த ஆயிலுக்கு ஒரு குணம், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் மெல்ல மெல்ல உள்ளே வரும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் டாட் 3-க்குக் கேட்கப்படும் அளவு 140 டிகிரிதான், டாட் 4-க்கு 155. ஐந்து வருடம் ஒரு முறைகூட மாற்றாத ஆயில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எப்படித் தாங்கும்? டாப்-அப் செய்தது போதாதா என்று கேட்பீர்கள். புளித்த மாவில் ஒரு கரண்டி புது மாவு ஊற்றினால் புளிப்பு போகுமா? அவ்வளவுதான் டாப்-அப். சொல்லப்போனால் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாகவே கொஞ்சம் இறங்கும். அது ‘பேட்டைப் பார்’ என்று வண்டி காட்டுகிற சைகை. அதை ஊற்றி மறைத்துவிட்டார்கள்.

ஒரு மலையளவு சூடு

காரவள்ளிக்கும் மேலே சோளக்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் ஆயிரம் மீட்டர், நடுவில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேர், பலாப்பழம், அன்னாசி எல்லாம் சேர்த்து உங்கள் வண்டி ஏறக்குறைய 1,400 கிலோ என்று வையுங்கள். அவ்வளவு எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கல்யாண வீட்டு அண்டா ஒன்று. அதில் கொஞ்சம் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதியை என்ஜின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்க வேண்டும். உங்கள் வண்டியில் இரண்டு முன் டிஸ்க்கும் சேர்த்தே பத்து கிலோ அளவுதான் இருக்கும். வழியில் காற்றுப் பட்டு ஆறாமல் அத்தனை சூடும் அதிலேயே தங்கினால் வார்ப்பிரும்பு உருகியே போய்விடும்.

ஆகவே பிரேக் எவ்வளவு நல்லது என்பது இரண்டாவது கேள்வி. அந்தச் சுமையில் என்ஜின் எவ்வளவு வாங்கிக்கொண்டது என்பதுதான் முதல் கேள்வி. கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி எனக்குக் கண்ணில் பட்டது: “ஆட்டோமேட்டிக் வண்டி என்பதால் கியர் பற்றி நான் யோசிக்கவே இல்லை, டி-யிலேயே இருந்தது.” சகோதரி, இந்தக் கதையின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு இயந்திரக் கை செய்கிறது, அவ்வளவே. டி-யில், அதாவது கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும் நிலையில் இருந்தால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ‘இவருக்கு வேகம் தேவையில்லை, பெட்ரோலை மிச்சம் பிடிக்கலாம்’ என்று அது மேல் கியருக்குத் தாவப் பார்க்கும். சமவெளியில் அது புத்திசாலித்தனம், இறக்கத்தில் ஆபத்து. முன்னால் பள்ளம் இருக்கிறது என்பது பல ஏஎம்டி வண்டிகளுக்குத் தெரியாது. மேல் கியரில் என்ஜின் கிட்டத்தட்டச் சும்மா சுற்றும், மொத்தப் பாரமும் பிரேக் தலையில் விழும்.

கியர் லீவரை எம் பக்கம் தள்ளினால் கியர் உங்கள் கைக்கு வந்துவிடும். கொல்லிமலை மாதிரிப் பாதையில் இரண்டாவது கியர், செங்குத்தான வளைவுகளில் முதல் கியர். என்ஜின் உறுமும், பயப்பட வேண்டாம். தாங்க முடியாத வேகத்தில் கீழ் கியரைக் கேட்டால் வண்டியே மறுத்துவிடும். எங்கள் நாமக்கல் பக்கம் பழைய லாரி டிரைவர்கள் புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம், எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது. பத்து டன் பாரத்தோடு இறங்குகிறவன் பிரேக்கை மட்டும் நம்பினால் வீடு திரும்ப முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். என்ஜினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் என்று தனியாக ஒன்று லாரியில் இருப்பதும் இதற்காகத்தான்.

இனி உங்கள் கணவர் சொன்ன நியூட்ரல் யோசனை. அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்று பார்க்கிறேன், ஆனாலும் இதில் இழுக்க இடமில்லை. மலை இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. பெட்ரோல் மிச்சம் என்பதும் கார்புரேட்டர் காலத்து நினைப்பு. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால், கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டாலோ என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். ஆக, நியூட்ரலில் செலவும் கூட, ஆபத்தும் கூட. என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. அணைந்த என்ஜினில் பிரேக்குக்கு உதவும் வெற்றிட பலம் இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும். ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். என்ஜினுக்குச் சிரமம் என்று அவர் கவலைப்படுவது நல்ல மனசு, ஆனால் இறக்கத்தில் என்ஜின் கத்துவது அதற்கு நோயில்லை.

சரி, எந்த பேட்?

பேட் மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு முறை கருகிய பேட்டின் முகம் கண்ணாடிபோல மினுமினுத்துப் போயிருக்கும். அது பழையபடி பிடிக்காது. தேய்ந்தும் இருக்கிறது என்கிறார் மெக்கானிக். மாற்றுங்கள். ஆனால் ஆயிலை மாற்றாமல் பேட்டை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் தெரியுமா? கடையில் ‘ஹெவி டியூட்டி’ என்று கொடுக்கிற செமி-மெட்டாலிக் பேட்டில் இரும்பு நார் அதிகம். சூட்டை நன்றாகத் தாங்கும், உண்மை. அதே இரும்பு அந்தச் சூட்டைக் காலிப்பர் பிஸ்டனுக்கும், அங்கிருந்து ஆயிலுக்கும் கூடுதலாகக் கடத்தும். ஐந்து வருட ஆயிலோடு அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால், பேட் தாங்கும், ஆயில் இன்னும் முன்னாலேயே கொதிக்கும். பணம் கொடுத்து வியாதியை வளர்த்த கதையாகிவிடும்.

கடைகளில் கிடைப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்கானிக் வகை மென்மையானது, சத்தம் போடாது, டிஸ்க்கைத் தேய்க்காது, சூட்டில் முதலில் சோர்வதும் அதுதான். செராமிக் என்று பெட்டியில் போட்டிருந்தால் மலைக்கு உகந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெரிய பலம் சத்தமும் கருந்தூசியும் குறைவு என்பது. மலைக்கு அது கட்டாயம் மேல் என்று சொல்ல முடியாது. ரேஸிங் பேட் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அது சூடேறிய பிறகுதான் ஒழுங்காகப் பிடிக்கும். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி முதல் சிக்னலில் மிதிக்கும்போது அது குளிர்ந்து கிடக்கும். குறுக்கே ஒரு குழந்தை ஓடினால் ரேஸ் மைதானத்துச் சூடு அங்கே எங்கிருந்து வரும்?

துளை போட்ட டிஸ்க்கும் வேண்டாம். துளை போடப் போட இரும்பின் எடை குறைகிறது. எடை குறைந்தால் அது வாங்கிவைக்கும் சூடும் குறைகிறது. மட்டமான தயாரிப்பில் துளையைச் சுற்றி விரிசலும் விடும். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

என் பரிந்துரை: உங்கள் வண்டி நிறுவனத்தின் அசல் பேட், அல்லது வண்டி நிறுவனங்களுக்கே பிரேக் கொடுக்கும் தயாரிப்பாளர்களின் பேட். பிரேக் விஷயத்தில் நாம் வெளியூர் போகத் தேவையில்லை. 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் ஆலை சென்னை பாடியில்தான் இருக்கிறது, ரானேயும் சென்னைக் குழுமம்தான். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில் போட்டு வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் பெட்டி மட்டும் அசல் என்று வையுங்கள்.

பெட்டியைவிடப் பேட்டின் விளிம்பைப் பாருங்கள். பல பேட்களில் எழுத்து வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதைச் சொல்லும், இரண்டாவது அதிகச் சூட்டில். இ என்றால் 0.25-லிருந்து 0.35 வரை, எஃப் என்றால் 0.35-லிருந்து 0.45, ஜி என்றால் 0.45-லிருந்து 0.55. உங்களுக்கு எஃப் எஃப் இருந்தால் நிறைவு. முதல் எழுத்து எஃப், இரண்டாவது இ என்று இருந்தால் சூட்டில் பிடி குறையும் என்று அர்த்தம். ஆனால் இது தரச் சான்றிதழ் இல்லை. சிறு துண்டை வைத்துச் சோதித்த அளவு மட்டுமே. தேய்மானம் பற்றியோ உங்கள் வண்டியில் எப்படி நிற்கும் என்பது பற்றியோ அது பேசாது. கடைக்காரர் ஜி ஜி என்று காட்டி இரட்டிப்பு விலை சொன்னால் மயங்க வேண்டாம்.

ஒரு சின்னக் கிளைக்கதை. பிரேக்குக்கென்று தனியாக லைனிங் செய்து விற்கிற தொழில் பிறந்ததே ஒரு மலைநாட்டில்தான். இங்கிலாந்தின் டெர்பிஷையர் மேடுகளில் வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸை மரக்கட்டையில் கட்டிச் சக்கரத்தைத் தேய்த்து இறங்குவதைப் பார்த்துத்தான் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவருக்கு யோசனை வந்தது என்பார்கள். 1897-இல் அவர் தொடங்கியதுதான் பிற்பாடு ஃபெரோடோ ஆயிற்று. பழைய செருப்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும், இறக்கத்தில் நாம் அதே மாதிரித் தேய்த்துக்கொண்டேதான் இறங்குகிறோம்.

பட்டறையில் என்ன கேட்பது

முதலில், ஆயிலை மாற்றுவதற்கு முன்பே அதன் கொதிநிலையையோ ஈரத்தையோ கருவியில் சோதிக்கச் சொல்லுங்கள். கருவி காட்டும் அளவைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கறுப்பாக இருக்கிறதா என்று நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், தெளிவாகத் தெரிகிற ஆயிலிலும் ஈரம் இருக்கும்.

அடுத்து, நான்கு சக்கரத்திலும் பழைய ஆயில் முழுக்க வெளியேறிப் புதிய ஆயில் வரும் வரை மாற்றி, ஏர் எடுக்க (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற) வேண்டும். வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 என்று இருந்தாலும் டாட் 4 ஊற்றலாம், ஒன்றோடொன்று ஒத்துப்போகும். டாட் 5 மட்டும் சிலிக்கோன் வகை, பக்கத்திலேயே வரக்கூடாது. சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண்முன் திறக்கட்டும். பாதி பாட்டில் மிச்சம் இருந்தால் அடுத்த வருடத்துக்கு வைக்க வேண்டாம், அதுவும் ஈரம் குடித்துவிடும். இந்த வேலை முழுவதுக்கும் ஆகிற செலவு அந்த ரேஸிங் பேட் விலையில் ஒரு சின்னப் பங்குதான். அதனால்தான் யாரும் அதை ஆர்வமாக விற்பதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

காலிப்பர் பின்கள் தடையில்லாமல் நகர்கின்றனவா, இரண்டு பக்கப் பேட்டும் சமமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பின் இறுகினால் அந்தச் சக்கரம் எப்போதும் லேசாக உரசிக்கொண்டு, மலைக்குப் போகும் முன்பே பாதி சூட்டில் இருக்கும். டிஸ்க்கில் நீலம் பூத்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, அதன் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போய்விட்டதா என்பதும் முக்கியம். பின் சக்கரத்து டிரம்மைக் கழற்றி, அதன் உள்ளே உரசும் ஷூவையும் பார்க்கட்டும். அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், மெக்கானிக்கின் நுரையீரலும் நுரையீரல்தான்.

புதுப் பேட் போட்ட கையோடு மலை ஏறாதீர்கள். காலியான சாலையில் 50, 60 வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், மிதமாக அழுத்தி ஒரு பத்து முறை குறைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் ஆறவிடுங்கள். அதன் பிறகு 200, 300 கிலோமீட்டர் ஊருக்குள் பதமாக ஓட்டினால் பேட் டிஸ்க்கோடு பழகிவிடும். பழகாத புதுப் பேட் முதல் சூட்டில் வாயுவிட்டு வழுக்கும். மாற்றிய மறுநாளே மலையில் மாட்டிக்கொள்கிறவர்கள் இதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சர்வீஸ் சென்டர் மேல் புகார்

நான் வக்கீல் இல்லை, வாகனப் பொறியாளர். இப்படிப்பட்ட சில வழக்குகளுக்கு வண்டியைப் பார்த்துக் கருத்துச் சொன்ன அனுபவத்தில் எழுதுகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். இரண்டு வருடத்துக்குள் தர வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம்.

ஆனால் உங்கள் பில்லைக் கவனியுங்கள். ‘ஆயில் மாற்றம்’ என்று எழுதிக் காசு வாங்கிவிட்டு மாற்றாமல் விட்டிருந்தால் கதை வேறு. அவர்கள் எழுதியது டாப்-அப். கையேட்டில் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள், பல வண்டிகளில் இரண்டு வருடம் என்றிருக்கும். அதை அவர்கள் உங்களிடம் சொன்னார்களா, நீங்கள் ‘இப்போது வேண்டாம்’ என்றீர்களா என்பது ஜாப் கார்டில், அதாவது அவர்கள் எழுதிய வேலைச் சீட்டில் தெரியும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கையெழுத்தோடு ‘வாடிக்கையாளர் மறுத்தார்’ என்று இருந்தால் புகார் நிற்காது. ஒன்றுமே இல்லாவிட்டால், ஐந்து வருட ஆயிலைப் பார்த்தும் ‘ஓகே’ போட்டது கவனக்குறைவு என்று நீங்கள் பேசலாம். அதற்கு ஆதாரம் பழைய ஆயிலின் சோதனை அளவு. மாற்றிவிட்டால் ஆதாரமும் வடிகாலில் போய்விடும், அதற்காகத்தான் போட்டோ எடுக்கச் சொன்னேன்.

என் கருத்து இது: எழுத்தில் ஒரு புகார் கொடுத்து, ஆயில் மாற்றத்தையும் பிரேக் முழுச் சோதனையையும் இலவசமாகச் செய்து தரக் கேளுங்கள். பெரும்பாலும் இணங்குவார்கள். விபத்தோ பொருள் நஷ்டமோ இல்லாத நிலையில், டி-யில் வைத்து இறங்கியதை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டக்கூடிய நிலையில், ஆணையம் வரை போவது உங்களுக்கு அலைச்சல் என்றே நினைக்கிறேன். முடிவு உங்களுடையது. அப்புறம், பிரேக் அமைப்பையே பெரிதாக மாற்றிக்கொள்ளச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே அளவுப் பேட் மாற்றுவது பராமரிப்பு. காலிப்பர், டிஸ்க் அளவை மாற்றுவது வண்டியை மாற்றியமைப்பது, நாளை இன்ஷூரன்ஸில் கேள்வி வரும்.

ஏற்காட்டுக்கு முன்

மலையில் ஓட்டுவதை விட்டுவிடாதீர்கள். பெடல் கீழே போனபோது நீங்கள் செய்த மூன்றும் சரி. திரும்பத் திரும்ப மிதித்தது குமிழை நசுக்கிக் கொஞ்சம் அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஹேண்ட் பிரேக் கம்பியில் இயங்குவது, ஆயில் கொதித்தாலும் அது வேலை செய்யும். பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தீர்கள், படக்கென்று இழுத்திருந்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுற்றியிருக்கும். பள்ளத்துப் பக்கம் போகாமல் சுவரோரம் ஒதுங்கினீர்கள். நீங்கள் செய்யாமல் விட்டது ஒன்றுதான்: எம்-க்குத் தள்ளி கியரைக் குறைப்பது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பும்போது மேலேயே, இறக்கம் தொடங்கும் முன்பே, எம்-இல் இரண்டாவது கியருக்கு வாருங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டபடியே இறங்காதீர்கள். தேவைப்படும்போது உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள், காற்றுப் படட்டும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவனை அகலமான இடத்தில் ஒதுங்கிப் போகவிடுங்கள், அவன் அவசரம் உங்கள் பிரேக்குக்கு வேண்டாம். வாடை வந்தாலோ பெடல் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கீழே போனாலோ நிறுத்துங்கள், அரை மணியாவது ஆறட்டும். சூட்டோடு சூடாகச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிஸ்க் கோணிப்போகும், வெடிக்கவும் செய்யும். நிறுத்திய இடத்தில் என்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பின் டிரம் கொதிக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இறுக்கி நெடுநேரம் விடுவது நல்லதல்ல.

உங்கள் கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிரேக் வேலை முடிந்ததும், ஏற்காடு போவதற்கு முன், சேலத்தில் ஏதாவது மேம்பால இறக்கத்தில் வண்டி கூட்டமில்லாத நேரத்தில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு முறை டி-யிலும் ஒரு முறை எம்-இல் இரண்டாவது கியரிலும் காலை எடுத்துவிட்டு இறங்கிக் காட்டுங்கள். வண்டி தன்னைத்தானே பிடித்து நிறுத்துவது அவருக்கே முதுகில் தெரியும். ஏற்காட்டுக்கு ஏறும்போது அவர் ஓட்டட்டும். இறங்கும்போது நீங்களே ஓட்டுங்கள்.